பனிச்சாலையில் நம் கார்

தில்லியில் வாழும் நம் குடும்பங்களுக்கு முன்பெல்லாம் விடுமுறை என்றால் ஒரே பொருள்தான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ முன்கூட்டியே இடம் பிடித்து, புளியோதரை கட்டிக்கொண்டு ஊருக்குப் போவது. இன்று கோடைக்கு ஊர், குளிர்காலத்துக்கு மலை என்றாகிவிட்டது. பிள்ளைகள் பனி பார்க்க வேண்டும் என்கிறார்கள். வீட்டு வாசலில் கார் நிற்கிறது. நெடுஞ்சாலையும் நன்றாக இருக்கிறது. 2020 அக்டோபர் 3ஆம் நாள் ரோதாங் கணவாய்க்கு அடியில் 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதுவரை குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாலைத் தொடர்பின்றிக் கிடந்த லாஹௌல் பள்ளத்தாக்கு, இப்போது மணாலியில் காலைச் சிற்றுண்டி முடித்துப் போய்வரும் இடமாகிவிட்டது.

ஆகவே டிசம்பர் பிறந்தால் சங்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், எங்கள் வண்டி பனியில் போகுமா?" மோட்டார் வண்டிப் பராமரிப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன், அதில் சில குளிர்காலங்களை இமாசலப் பிரதேசத்தில் கழித்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது: "போவது இருக்கட்டும், நிற்குமா?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் இக்கட்டுரையில் சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

எந்தப் பனி?

முதலில் ஒரு சொற்சிக்கல். நம் மொழியில் மார்கழிக் காலையில் புல்மேல் நிற்பதும் பனி, கண்ணை மறைப்பது மூடுபனி, இமயத்தில் மூன்றடி உயரம் குவிவதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவம் பிரித்த முன்னோர்களுக்கு அதன்மேல் வண்டி ஓட்டும் தேவை இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. ஆகவே பிரித்துச் சொல்கிறேன்.

வானிலிருந்து அப்போதுதான் விழுந்து பஞ்சுபோல் கிடப்பது புதுப்பனி. அதன்மேல் வண்டிகள் ஓடி ஓடி இறுகியது மிதிபட்ட பனி. பகலில் உருகி ஓடிய நீர் மாலையில் சாலையிலேயே மீண்டும் உறைந்தால் அது ஐஸ். இந்த ஐஸ் கண்ணாடிபோல் மெல்லியதாகத் தார்ச்சாலைமேல் படிந்துவிட்டால் அடியிலுள்ள கறுப்பு அப்படியே தெரியும். பார்ப்பவருக்குச் சாலை ஈரமாக இருப்பதுபோல் மட்டுமே தோன்றும். கருப்பு ஐஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். புதுப்பனியைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அதில்தான் டயருக்கு ஓரளவு பிடிப்பு உண்டு. கருப்பு ஐஸைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

ஐஸ் ஏன் வழுக்குகிறது? காலில் மிதிக்கும் அழுத்தத்தால் உருகுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அழுத்தத்தால் உருகுநிலை குறைவது உண்மைதான். ஆனால் ஒரு மனிதரோ ஒரு காரோ கொடுக்கும் அழுத்தத்துக்கு அந்தக் குறைவு மிக மிகச் சிறியது. ஐஸின் மேற்பரப்பில் உறைநிலைக்குக் கீழேயும் நீர் போன்ற மெல்லிய படலம் இருக்கிறது என்று 1850இலேயே மைக்கேல் ஃபாரடே கருத்துச் சொன்னார். பிற்கால ஆய்வுகள் அவர் பக்கமே நிற்கின்றன. தேய்ப்பினால் உண்டாகும் வெப்பமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. இதிலிருந்து நமக்கு வேண்டிய செய்தி: வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போதுதான் ஐஸ் மிக மோசமாக வழுக்கும். கடுங்குளிரில் இறுகிய ஐஸ் அதைவிடப் பரவாயில்லை. "இன்று வெயில் அடிக்கிறது, பயமில்லை" என்று கிளம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொஞ்சம் கணக்கு

பிரேக் பிடித்தால் வண்டி நிற்பது பிரேக்கினால் மட்டும் அல்ல. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு. அதை ஓர் எண்ணால் குறிக்கிறோம். காய்ந்த தார்ச்சாலையில் அது ஏறத்தாழ 0.7. மிதிபட்ட பனியில் ஏறத்தாழ 0.2. ஐஸில் 0.1, சில சமயம் அதற்கும் கீழே.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சமதளத்தில் எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்? காய்ந்த சாலையில் 9 மீட்டர். மிதிபட்ட பனியில் 31 மீட்டர். ஐஸில் 63 மீட்டர். நாம் பார்த்து, காலை எடுத்து, பிரேக்கில் வைப்பதற்குள் ஓடும் தூரம் தனி. காரின் விலை இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. எடையும் வரவில்லை. கனமான வண்டிக்கு உராய்வு விசை கூடுதல், அதே அளவு தள்ளும் வேகமும் கூடுதல். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

இது சமதளத்தில். மலையில் சமதளம் ஏது? பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவை எடுத்துக்கொள்வோம். மலைச்சாலைகளில் இது சர்வசாதாரணம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இறங்குகிறோம். காய்ந்த சாலையில் மூன்று மீட்டருக்குள் நின்றுவிடும். மிதிபட்ட பனியில் ஏறத்தாழ 16 மீட்டர் ஓடும். ஐஸில்? உராய்வு 0.1, சரிவும் 0.1. புவியீர்ப்பு இழுக்கும் விசையும் உராய்வு தடுக்கும் விசையும் சமம். அதாவது அந்த வண்டி நிற்காது. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தாலும் அதே 20 கி.மீ. வேகத்தில், அமைதியாக, கீழே போய்க்கொண்டே இருக்கும். சரிவு இன்னும் கொஞ்சம் கூடினால் பிரேக் பிடித்தபடியே வேகம் எடுக்கும். மணாலிப் பக்கத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வரும் வீடியோக்களில், சக்கரம் சுழலாமலே கார்கள் வரிசையாக வழுக்கி ஒன்றன்மேல் ஒன்று மோதுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இடத்துக்கு வந்த பிறகு அவர்கள் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை.

கொண்டை ஊசி வளைவுக்கும் இதே கணக்குதான். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவைக் காய்ந்த சாலையில் மணிக்கு 42 கி.மீ. வேகம் வரை தாங்கித் திரும்பலாம். ஐஸில் 16 கி.மீ. தாண்டினால் வண்டி நேராகப் போய்விடும், ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும்.

எந்தக் கார்?

இப்போது வண்டிகளுக்கு வருவோம். ஆல்டோ, ஸ்விஃப்ட் போன்ற சிறு கார்கள் முன்சக்கர இயக்கம் கொண்டவை. எஞ்சினின் பாரம் இழுக்கும் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் இவை பனியில் நாம் நினைப்பதைவிட நன்றாகவே போகும். மணாலியிலும் சிம்லாவிலும் வாடகைக் காராக ஆல்டோ ஓடுவதைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு. அதற்கு இன்னொரு காரணம் அதன் டயர் 145 மி.மீ. அகலம்தான். ஒல்லியான டயர் புதுப்பனியைக் கிழித்துக்கொண்டு கீழே உள்ள தரையைத் தொடும். அகல டயர் மேலே மிதக்கப் பார்க்கும். ஆனால் தரை இடைவெளி குறைவு. பனி ஆழமானால் வயிறு தட்டி, சக்கரம் அந்தரத்தில் சுழலும். ஏற்றத்தில் பாரம் பின்பக்கம் சாய்வதால் முன்சக்கரத்தின் பிடி இன்னும் தளரும்.

பின்சக்கர இயக்கம் கொண்டவை பொலேரோ, பழைய சுமோ, இன்னோவா கிரிஸ்டா, ஈகோ முதலியவை. ஆள் நிறைய இருந்தால் பின்பக்கம் அழுந்தி ஏற்றத்தில் நன்றாகத் தள்ளும். ஆளில்லாமல் போனால் பின்பகுதி வாலாட்டும். இதற்காகவே மலை ஓட்டுநர்கள் பின்னால் மணல் மூட்டை போட்டுக்கொண்டு போவார்கள். வழியில் சக்கரம் சிக்கினால் அதே மணலைத் தூவிக்கொள்ளவும் ஆகும். அம்பாசடர் காலத்து வழக்கம், இன்றும் பழுதில்லை.

மூன்றாவது வகை நான்கு சக்கர இயக்கம். மக்கள் பேச்சில் 'ஃபோர் பை ஃபோர்'. தார், ஜிம்னி, பழைய ஜிப்சி ஆகியவை இதில் அடங்கும். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கை அதிகம்.

எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போவதால் ஏற்றத்தில் இதற்கு இணையில்லை. உராய்வு 0.2 உள்ள பனியில், மொத்தப் பாரத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டிச் சுமக்கும் முன்சக்கரங்களால் மட்டும் இழுக்கப்படும் கார், பத்துக்கு ஒன்று சரிவையே திணறித்தான் ஏறும். நான்கு சக்கரமும் இழுத்தால் அதைப்போல இருமடங்கு சரிவையும் ஏறிவிடும். சரி. இறங்கும்போது? பிரேக் ஆல்டோவிலும் நான்கு சக்கரத்துக்கு உண்டு, ஜீப்பிலும் நான்கு சக்கரத்துக்குத்தான் உண்டு. நிற்கும் விஷயத்தில் இரண்டும் ஒன்று. ஆகவே நான்கு சக்கர இயக்கம், தான் பத்திரமாக இறங்க முடியாத உயரத்துக்கு நம்மை ஏற்றிவிடக்கூடிய வண்டி. சின்னக் கார் அடிவாரத்திலேயே சக்கரம் சுழன்று "என்னால் முடியாது" என்று சொல்லிவிடும். அந்தத் தோல்வியே ஒரு காப்பு. பெரிய வண்டி அதைச் சொல்லாது.

மயூர் விஹாரில் என் பக்கத்து வீட்டு இளைஞர் சென்ற ஆண்டு அப்படியொரு வண்டி வாங்கினார். குளிர்காலத்தில் மனைவி, நான்கு வயதுப் பெண், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஆகியோரை அழைத்துக்கொண்டு சிஸ்ஸு போவதாகத் திட்டம். "அங்கிள், போலீஸே ஃபோர் பை ஃபோரை மட்டும்தானே விடுகிறார்கள்?" என்றார். உண்மைதான். பனி விழும் நாட்களில் மணாலிக்கு மேலே அப்படிக் கட்டுப்பாடு போடுவதுண்டு. ஆனால் அது சாலையில் சிக்கி வழியை அடைக்கும் வண்டிகளைக் குறைப்பதற்கான ஏற்பாடு. இறக்கத்தில் வழுக்காது என்ற உத்தரவாதம் அல்ல. 2024 டிசம்பர் 27 அன்று சோலங் நாலாவில் பனிப்பொழிவில் ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் சிக்கி, ஐயாயிரம் பேர் அளவில் போலீஸார் மீட்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் எல்லா வகை வண்டியும் இருந்தது. அவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். தம்பி நன்றாகப் படித்தவர், 0.1 கழித்தல் 0.1 என்ற வரியைப் பார்த்துச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் டயரைத்தான் மாற்ற வேண்டுமா?" என்றார். சரியான கேள்வி.

இன்னொரு குறிப்பு. தார், ஜிம்னி போன்றவற்றில் நான்கு சக்கர இயக்கத்தை நாமே லீவரைத் தள்ளிப் போட வேண்டும். அப்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். பனியில் அது நல்லது. காய்ந்த தார்ச்சாலையில் அதே நிலையில் ஓட்டினால் வளைவுகளில் வண்டி முறுக்கிக்கொள்ளும். உள்ளே பற்சக்கரங்களுக்குக் கேடு. பனி தொடங்கும் இடத்தில் போட்டு, முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். 'லோ' என்ற தாழ் கியர் நிலை, எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்து மெல்ல இறங்க உதவும். இறக்கத்தில் இந்த வண்டிகளுக்கு உள்ள உண்மையான ஆதாயம் அது ஒன்றே. அதுவும் டயருக்குப் பிடிப்பு இருக்கும்வரைதான்.

டயர்

டயர் ரப்பர், குளிரில் விறைக்கும். ஃபிரிட்ஜில் வைத்த ரப்பர் பாண்டை நீட்டிப் பார்த்தவர்களுக்குப் புரியும். நம் நாட்டுக் கார்களோடு வருபவை வெயிலையும் மழையையும் எண்ணிச் செய்த டயர்கள். ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே அவை விறைத்து, தரையின் மேடு பள்ளங்களோடு ஒட்டாமல் போகின்றன. குளிர்கால டயரில் சேர்க்கும் பொருட்களே வேறு; கடுங்குளிரிலும் மென்மையாக இருக்கும்படி கலக்கிறார்கள். அதற்குமேல் அதன் பட்டன்களைப் பாருங்கள் (மெக்கானிக்குகள் சொல்லும் அதே பட்டன்தான்). ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியதுபோல் நெளிநெளியாக மெல்லிய கீறல்கள் பல இருக்கும். சக்கரம் உருளும்போது இவை திறந்து, ஒவ்வொரு விளிம்பும் பனியைக் கடிக்கும். அகலப் பள்ளங்களில் பனி அடைத்துக்கொள்ளும். அதுவும் வேண்டியதே, ஏனென்றால் ரப்பர் பனியைப் பிடிப்பதைவிடப் பனி பனியை நன்றாகப் பிடிக்கும். கையால் பனி உருண்டை பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியும்.

இத்தகைய டயரை முதலில் செய்தவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள். இன்று நோக்கியன் டயர்ஸ் என்று வழங்கும் நிறுவனம் 1934இல் லாரிகளுக்கும் 1936இல் கார்களுக்கும் குளிர்கால டயர் செய்தது. இன்று டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனித்துளிப் பூவும் பொறித்திருந்தால், அது பனியில் சோதித்துத் தேறியது என்று பொருள். 1999இல் வந்த குறி இது. 'எம் பிளஸ் எஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் மயங்கிவிடக் கூடாது. அது சேறும் பனியும் என்று தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் எழுத்து. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து அந்த எழுத்தை மட்டும் வைத்துக் குளிர்கால டயர் என்று ஏற்பதில்லை. நம் ஊர்ப் பெரிய வண்டிகளின் டயர்கள் பலவற்றில் இந்த எழுத்து இருக்கும், மலைக்குறி இருக்காது.

பெரிய பெரிய கட்டை பட்டன் உள்ள சேற்று டயர் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆழமான பனியில் தோண்டிக்கொண்டும் போகும். ஐஸில் அது மிகச் சாதாரணம். ரப்பர் கடினம், விளிம்புகள் குறைவு. கடைக்காரர் 'எல்லா இடத்துக்கும் ஆகும்' என்று சொன்னால், ஐஸைக் கழித்துவிட்டுக் கேட்டுக்கொள்ளவும்.

ஆண்டுக்கு நான்கு நாள் மலைக்குப் போகும் தில்லிக் குடும்பம் குளிர்கால டயர் வாங்க வேண்டுமா? என் கருத்து, வேண்டாம். வாடிக்கையான டயர் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் தில்லி வெயிலில் மென்மையான அந்த ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும். இருக்கும் டயரைப் பாருங்கள். சட்டப்படி பள்ளம் 1.6 மி.மீ. இருந்தால் போதும். பனிக்கு அது போதாது. ஆஸ்திரியாவில் குளிர்கால டயருக்கே 4 மி.மீ. கேட்கிறார்கள், நாமும் அதற்குக் குறைந்த டயரோடு மலையேறக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ஆண்டுகள் பல ஆன டயர் கல்லாகியிருக்கும். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். பல வீடுகளில் அதுதான் மூத்தது.

காற்றைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று. வெப்பநிலை ஐந்தரை டிகிரி குறைந்தால் பங்கில் நாம் எண் சொல்லி அடிக்கும் அளவில் ஒன்று குறையும். தில்லியில் 20 டிகிரியில் அடித்த காற்று, சிஸ்ஸுவில் மைனஸ் 5 டிகிரியில் நான்கு, ஐந்து குறைய வேண்டும். ஆனால் 3,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. அதனால் மீட்டர் அதே நான்கு அளவுக்குக் கூட்டிக் காட்டும். இரண்டும் ஏறத்தாழ சரியாகிவிடும். காலையில் வண்டியை நகர்த்தும் முன் அளந்து, கையேட்டில் சொன்ன எண் இருந்தால் விட்டுவிடலாம்.

சங்கிலி

நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது சங்கிலிதான். சாதாரண டயரின் மேல் போர்த்தி இறுக்கும் இரும்புச் சங்கிலி ஐஸையே கீறிப் பிடிக்கும். வேறு எந்தக் கருவியும் இந்த விலைக்கு இவ்வளவு பிடிப்புத் தராது. இழுக்கும் சக்கரங்களில் மாட்ட வேண்டும் என்பது விதி. ஆல்டோவுக்கு முன்னால், பொலேரோவுக்குப் பின்னால். ஆனால் இறக்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்சக்கரத்தில் மட்டும் சங்கிலி இருந்தால், பிரேக் பிடிக்கும்போது முன்பகுதி நிற்கும், பிடிப்பில்லாத பின்பகுதி சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். பின்னால் மட்டும் இருந்தால் ஸ்டியரிங்குக்குப் பிடிப்பில்லை. உண்மையான ஐஸ் இறக்கத்துக்கு நான்கு சக்கரத்திலும் சங்கிலி வேண்டும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் சங்கிலி கூடாது என்றே எழுதியிருக்கும்.

வீட்டு வாசலில், வெளிச்சத்தில், இரண்டு முறை மாட்டிப் பழகுங்கள். மைனஸ் 5 டிகிரியில், கையுறையோடு, பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது கற்றுக்கொள்ளும் வேலை அல்ல இது. பனி தொடங்கும் முன்பே சமதளத்தில் ஒதுக்கி மாட்ட வேண்டும். மாட்டியபின் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. சிறிது தூரம் போய் மறுபடி இறுக்க வேண்டும். வெறும் தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலி அறுந்து பிரேக் குழாயை அடிக்கும்.

ஓட்டும் விதம்

எதையும் திடீரென்று செய்யாதே என்பதுதான் மொத்தப் பாடமும். இரண்டாவது கியரில் கிளப்பினால் சக்கரம் சுழலாது. இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். ஆட்டோமேடிக் என்றால் 'எல்' அல்லது '2'. மின்சாரக் கார்களில் காலை எடுத்ததுமே வேகம் பிடிக்கும் அமைப்பைக் குறைந்த நிலையில் வைக்க வேண்டும். அந்தத் தடுப்பு இழுக்கும் சக்கரங்களில் மட்டுமே விழுவதால் ஐஸில் அவை வழுக்கிவிடும். வளைவுக்குமுன் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும். முன்வண்டி வளைவைத் தாண்டி நகர்ந்த பிறகே நாம் ஏறவோ இறங்கவோ தொடங்க வேண்டும். ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டுப் புதுக் கார்களில் கட்டாயம். ஐஸில் அது வேலை செய்யும்போது பெடல் காலின்கீழ் அதிரும். பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. புதுப்பனியில் அது நிற்கும் தூரத்தைச் சற்று கூட்டவும் செய்யும், ஆனால் ஸ்டியரிங் நம் கையில் இருக்கும். அது போதும்.

நேரம்தான் முக்கியம். காலை பத்து மணிக்கு முன்னும் பிற்பகல் மூன்றுக்குப் பின்னும் பனிச்சாலையில் இருக்காதீர்கள். மலை நிழல் விழுந்த மறுகணமே உருகிய நீர் உறையத் தொடங்கும். குஃப்ரியிலிருந்து நார்கண்டா போகும் வழியில் தேவதாரு நிழல் விழும் வளைவுகளில் நண்பகலிலும் ஐஸ் இருக்கும். பாலங்களிலும் அப்படியே. சுரங்கப்பாதையின் தென்பக்கம் வெயில் அடிக்கலாம். வடக்கு வாயிலில் வெளியே வந்தால் வேறு வானிலை.

அந்தப் பக்கத்து டாக்ஸி ஓட்டுநர் ஒருவரோடு பலமுறை போயிருக்கிறேன். சந்தேகமான வளைவு வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்துபோய், செருப்புக் குதிகாலால் சாலையைத் தேய்த்துப் பார்ப்பார். குதிகால் நின்றால் வண்டி எடுப்பார். வழுக்கினால் சங்கிலி மாட்டுவார், அல்லது திரும்பிவிடுவார். பயணிகள் முணுமுணுத்தாலும் கவலைப்பட மாட்டார். இத்தனை ஆண்டுகளில் இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு நான் சொன்னதும் இதுதான்: சொந்த வண்டியை மணாலி ஓட்டலிலேயே நிறுத்திவிட்டு, மேலே போக உள்ளூர் ஓட்டுநரையும் சங்கிலி உள்ள வண்டியையும் அமர்த்திக்கொள்ளுங்கள். அப்படியே செய்தார். பாப்பா பனியில் விளையாடிய படம் எனக்கும் வந்தது.

தங்கும் இடத்தில்

இரவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் ஈரம் உறைந்து காலையில் விடாது. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் ஆபத்து. நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருத்து எஞ்சினையே வெடிக்கச் செய்யும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் மைனஸ் 35 வரை கவலையில்லை. டீசல் வண்டிக்காரர்கள், தில்லியில் டாங்க் நிரப்பிக்கொண்டு கேலாங் வரை போக வேண்டாம். சாதாரண டீசலில் குளிரில் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை லடாக், கேலாங், காஜா போன்ற இடங்களுக்கென்றே கொண்டுவந்தது. அங்கே போனபின் அங்கே நிரப்புவதே சரி. முன்கண்ணாடியில் வெந்நீர் ஊற்ற வேண்டாம், விரிந்துவிடும்.

சிக்கிக்கொண்டால்

2022 ஜனவரி 7, 8 தேதிகளில் பாகிஸ்தானின் முர்ரீ மலைவாசத்தலத்துக்குப் பனி பார்க்கப் போன குடும்பங்கள் சாலையில் சிக்கி, கார்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். குளிர் ஒரு காரணம். மற்றொன்று, புகைக்குழாயைப் பனி மூடியபின் ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டதால் உள்ளே நிரம்பிய கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கம் வருவதுபோல் இருக்கும், அவ்வளவே.

ஆகவே டாங்க் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆளுக்கொரு கம்பளி, குடிநீர், முறுக்கோ கடலை மிட்டாயோ, டார்ச், ஒரு சிறு மண்வெட்டி டிக்கியில் அல்ல, உள்ளே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்; பனி மூடினால் டிக்கி திறக்காது. சிக்கிவிட்டால் வண்டியை விட்டு இருட்டில் நடக்கக் கூடாது. எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதற்குமுன் ஒருவர் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும்; காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடி ஒரு விரற்கடை திறந்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது. பெரியவர்கள் முறை வைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருந்து, குழந்தைகளை அவ்வப்போது எழுப்பிப் பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.